வாட்சைத் தட்டிக் கீசரைப் போடுவது எப்படி?

கடையில் ஸ்மார்ட் வாட்ச் என்று விற்கும் எல்லாமே இதற்கு உதவாது. நடையையும் நாடித்துடிப்பையும் காட்டுவதோடு நின்றுவிடும் மலிவு விலை வாட்ச்களில் புதிய செயலியை நிறுவ முடியாது. கூகுளின் வாட்ச் இயங்குதளமான வேர் ஓஎஸ் 3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் இயங்கும் வாட்ச் வேண்டும். ஆப்பிள் வாட்சுக்கு வழி வேறு. அதை இங்கே தொடவில்லை.

1. ஸ்மார்ட் பிளக்கைப் பார்த்து வாங்குங்கள். சுவர் சாக்கெட்டுக்கும் கீசருக்கும் நடுவே செருகும் இது, வைஃபை வழியே வரும் கட்டளைப்படி மின்சாரத்தை விடும், நிறுத்தும். கீசரில் ஒட்டியிருக்கும் விவரத்தில் எத்தனை வாட் என்று பாருங்கள். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். ஆகவே 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்தான் வாங்க வேண்டும். சுவரில் உள்ள சாக்கெட்டும் எர்த் இணைப்போடு அதே அளவில் இருக்க வேண்டும். 6 ஆம்பியர் பிளக் மேசை விளக்குக்குப் போதும். கீசருக்குப் போட்டால் சூடேறி உருகும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

2. பிளக்கின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அதன் விளக்கு வேகமாக மினுக்கும். உடனே பிளக் நிறுவனத்தின் செயலியைப் போனில் திறந்து இணையுங்கள். பெரும்பாலான பிளக்குகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே பிடிக்கும். இணைப்பு இழுத்தடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

3. 'கீசர்' என்று சுருக்கமாகப் பெயர் வையுங்கள். வாட்ச் திரையில் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும்.

4. அதே செயலியில் இரண்டு அமைப்புகளைத் தேடுங்கள். ஒன்று, 20 நிமிடத்தில் தானாக அணையும் டைமர். மற்றொன்று, மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது. அதை 'ஆஃப்' என்று வையுங்கள். இல்லாவிட்டால், கீசர் ஓடும்போது மின்சாரம் போய், நீங்கள் அலுவலகம் கிளம்பிய பிறகு வந்தால், ஆளில்லாத வீட்டில் அது தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருக்கும்.

5. போனில் கூகுள் ஹோம் செயலியைத் திறந்து பிளக் நிறுவனத்தின் கணக்கை இணையுங்கள். வாட்சின் பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் ஹோமை நிறுவி, போனில் உள்ள அதே கூகுள் கணக்கால் நுழையுங்கள். பட்டியலில் கீசர் தெரியும். தட்டினால் பிளக்கிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே ரிலே, அதாவது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறிய சுவிட்ச், மாறுகிறது. குரலிலும் கட்டளையிடலாம், ஆனால் விடியற்காலையில் வீடே தூங்கும்போது விரல்தான் நல்லது.

இதே பிளக்கைத் தண்ணீர் மோட்டாருக்குப் போடலாமா? வேண்டாம். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ரிலே ஒட்டிக்கொண்டால் பிறகு அணைக்கவே முடியாது. அதற்குக் கான்டாக்டர் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்ச்) வைத்த இணைப்பு தேவை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.