திருப்பூரில் முதல் வேலை: ஜூனியர் மெர்ச்சண்டைசராகச் சேர்வது எப்படி?

டிகிரியை முடித்துவிட்டு, "அனுபவம் இருக்குங்களா?" என்ற ஒரே கேள்வியில் கம்பெனி கம்பெனியாகத் திரும்பி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பி.காம்., பி.எஸ்சி., எது படித்திருந்தாலும் சரி. பையர், அதாவது ஆடைகளுக்கு ஆர்டர் கொடுக்கிறவர், கேட்டது கேட்ட தேதிக்குப் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு டிபார்ட்மென்டையும் விடாமல் துரத்துவதுதான் மெர்ச்சண்டைசர் வேலை. அதைப் பழகிக்கொள்ளலாம்.

படி 1: துணி போகும் வழியைப் பாருங்கள்

நூல், நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்க அழுத்திச் சீராக்குவது), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இந்த வரிசை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். திருப்பூர்ப் பக்கம் உங்கள் தெருவில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒருவராவது இருப்பார். செக்கிங் போகிற அக்காவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஓட்டை, ஆயில் கறை, ஷேடு மாறியது எல்லாம் எப்படிக் கண்ணில் படுகிறது என்று கேளுங்கள்.

படி 2: ஒரே ஒரு கணக்கைக் கைக்குள் கொண்டுவாருங்கள்

இன்டர்வியூவில் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டப்போவது இதுதான். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பழைய டி-ஷர்ட் ஒன்றில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். நகைக்கடைத் தராசு மாதிரி பாயிண்ட் காட்டும் தராசில் வையுங்கள். 1.6 கிராம் என்றால், 100ஆல் பெருக்க 160. அதுதான் ஜிஎஸ்எம்: ஒரு சதுர மீட்டர் துணியின் எடை.

இனி ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி என்று பார்ப்போம். உடம்பு நீளம் 70, கை நீளம் 20, மடிப்புக்கும் தையலுக்கும் 10. மொத்தம் 100 செ.மீ. மார்பு அகலம் 50, தையலுக்கு 2, மொத்தம் 52. முன்பக்கம், பின்பக்கம் என்பதால் 2ஆல் பெருக்க வேண்டும். பிறகு ஜிஎஸ்எம்மால் பெருக்கி, சதுர செ.மீ.யைச் சதுர மீட்டராக்க 10,000ஆல் வகுக்க வேண்டும்.

100 × 52 × 2 × 160 ÷ 10,000 = 166.4 கிராம்.

கட்டிங் வேஸ்ட், டையிங் நஷ்டம் என்று 10 சதவீதம் கூட்டினால் 183 கிராம். "ஆயிரம் பீஸுக்கு எத்தனை கிலோ வேணும் கண்ணு?" என்று கேட்டால், 183 கிலோ என்று உடனே சொல்லலாம். வேஸ்ட் சதவீதம் துணிக்கும் ஸ்டைலுக்கும் தக்கபடி மாறும். அதையும் சேர்த்துச் சொன்னால், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: பயோடேட்டா

ஒரு பக்கம் போதும். பின்னால், இந்தக் கணக்கை நீங்களே எக்ஸெல்லில் போட்ட ஷீட்டின் பிரின்ட் ஒன்றை இணையுங்கள். அனுபவம் இல்லாதவர் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

படி 4: நேரில் போங்கள்

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் இலவசமாகப் பதிந்து வையுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, பி.என். ரோடு என்று ஒரு நாளைக்கு ஒரு ரோடாக எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வேண்டாம், வாரச் சம்பளம் போடுகிற பரபரப்பில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

கேட்டில் "யாரைப் பாக்கோணுங்க?" என்று கேட்பார்கள். "வேலை இருக்குங்களா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "மெர்ச்சண்டைசிங் மேனேஜரைப் பாக்கோணுங்கண்ணா, பயோடேட்டா குடுத்துட்டுப் போயிர்றேன்" என்று சொல்லுங்கள். மாமா, சித்தப்பா மூலம் ஆள் தெரிந்தால் தயங்காமல் பெயரைச் சொல்லுங்கள். கேட்டைத் தாண்ட அது உதவும். உள்ளே கணக்கு உங்களுடையது.

படி 5: சேரும் முன் கேட்க வேண்டியவை

ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். என் முதல் கம்பெனியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நின்ற பிறகு அதைத் திரும்ப வாங்க நான்கு மாதம் நடந்தேன். நடுவில் வந்த நல்ல வேலை ஒன்று அதனாலேயே போனது. இன்றும் மனசு ஆறவில்லை. டெபாசிட், ஏஜென்ட் கமிஷன் என்று யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சம்பளம் பேசும்போது கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். 15,000 ரூபாய் முழுவதும் பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டிஏ (அகவிலைப்படி) என்றால், பி.எஃப். 12 சதவீதம் 1,800, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 113. கைக்கு வருவது 13,087. பி.எஃப். பிடித்தால் முதல் மாதமே யுஏஎன் எண்ணை, அதாவது உங்கள் பெயருக்கான பி.எஃப். எண்ணை, கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். அடுத்த கம்பெனிக்குப் போனாலும் அதே எண்தான்.