யூத ஞானம்: பாதி வரியோடு நின்றுவிடாதீர்கள்

“கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்” என்றதும், பழிவாங்க வேதத்திலேயே அனுமதி இருக்கிறது என்று பேசுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். யூத மரபில் அந்த வரியை அப்படி வாசிப்பதில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் அதன் மேல் எழுந்த விவாதங்களின் நூலான தல்மூதும் அதை நஷ்டஈடு என்றே எடுத்துக்கொள்கின்றன. அதற்கும் ஐந்து கணக்கு: உடலுக்கு ஏற்பட்ட சேதம், வலி, வைத்தியச் செலவு, வேலைக்குப் போக முடியாமல் போன கூலி, பட்ட அவமானம். அவமானத்துக்கென்று தனியாக ஒரு தொகை வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம்.

பழைய ஏற்பாட்டைப் படித்துவிட்டு யூத ஞானம் முழுவதும் அதற்குள் அடக்கம் என்று நினைப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. ஒரு வரியை வைத்துக்கொண்டு ரபீக்கள் என்னும் யூத அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். வீட்டிலும் கடையிலும் பயன்படுகிற சரக்கு பெரும்பாலும் அந்த வாதத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, பொன்மொழி சேகரிப்பது. தல்மூதில் ஒரு கதை. நான் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் யூத வேதமான தோரா முழுவதையும் சொல்லிக்கொடுங்கள் என்று ஒருவன் வந்து நிற்கிறான். ஷம்மாய் என்ற ஆசான் கையிலிருந்த அளவுகோலால் அவனை விரட்டிவிடுகிறார். இன்னொரு ஆசான் ஹில்லெல் பொறுமையாகச் சொல்கிறார்: உனக்கு எது வெறுப்போ அதைப் பிறருக்குச் செய்யாதே, முழுத் தோராவும் இதுதான், மற்றதெல்லாம் விளக்கம், போய்ப் படி. ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள் அந்தப் ‘போய்ப் படி’யை மட்டும் கத்தரித்துவிடுகிறார்கள்.

படிக்கப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு மன்னிப்பு நல்ல உதாரணம். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று உண்ணாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்து பிரார்த்தித்தால் எல்லாப் பாவமும் தீர்ந்துவிடும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கலாம். மிஷ்னா அப்படிச் சொல்லவில்லை. கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையிலான தவறுக்குத்தான் அந்த நாள். அடுத்தவருக்குச் செய்த தவறுக்கு, அவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் உதவாது. நஷ்டஈடு கட்டியாகிவிட்டது, விவகாரம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. ஐந்து கணக்கையும் தீர்த்த பிறகும் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதையும் 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதிவைத்திருக்கிறார். பாதிக்கப்பட்டவர் மறுத்தால் அவருடைய நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போ. மறுபடி மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அப்புறமும் மனம் இரங்காவிட்டால் விட்டுவிடு. இப்போது பாவம் மறுத்தவர் பக்கம். ஆனால் அவர் உன் குருவாக இருந்தால் ஆயிரம் முறையானாலும் போக வேண்டும். அவர் இறந்துபோயிருந்தால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய், இவருக்கு இன்ன தவறு செய்தேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல். பணம் பாக்கி என்றால் வாரிசிடம் கொடு. “யாரையாவது தெரியாமல் காயப்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்” என்று வாட்ஸாப்பில் இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிற செய்தி, இதன் பக்கத்தில் எவ்வளவு இளைத்துத் தெரிகிறது பாருங்கள்.

நாக்கு விஷயத்தில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. ‘லஷோன் ஹரா’ என்பதைப் பொய்யான அவதூறு என்று எண்ணி, “உண்மையைத்தானே சொன்னேன்” என்று பலர் தப்பிக்கப் பார்க்கிறார்கள். பொய்க்கு வேறு பெயர் இருக்கிறது. லஷோன் ஹரா என்பதே ஒருவருக்குக் கேடு செய்யும் உண்மையைப் பேசுவதுதான். “அவரைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்” என்கிறோமே, அதுவும் லஷோன் ஹராவின் ‘தூசு’ என்கிறார் மைமோனிடிஸ். அந்த ஒரு வாக்கியமே கேட்கிறவர் மனத்தில் எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறதல்லவா!

சரி, அப்படியானால் வாயைக் கட்டிக்கொண்டிருப்பதா? அதுவும் தவறு. 1873-இல், இன்றைய லித்துவேனியாவிலுள்ள வில்னாவில், ஆசிரியர் பெயர் போடாமல், ‘ஹஃபெட்ஸ் ஹயிம்’ என்ற நூல் வந்தது. எழுதியவர் ராதின் என்ற சிற்றூரைச் சேர்ந்த ரபீ இஸ்ராயேல் மெயிர் ககான். எப்போது பேசக் கூடாது என்பதோடு எப்போது பேசியே ஆக வேண்டும் என்பதையும் அவர் வகுத்தார். பெண் கொடுக்கப் போகிறவரோ, கூட்டு வியாபாரத்தில் பணம் போடப் போகிறவரோ விசாரிக்கும்போது, அவரை நஷ்டத்திலிருந்து காக்கும் விஷயம் தெரிந்தும் மறைப்பது குற்றம். ஆனால் நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும், கூட்டிச் சொல்லக் கூடாது, பழைய பகையைத் தீர்க்கும் சந்தர்ப்பமாக்கிக்கொள்ளக் கூடாது, வேறு வழியில் முடியும் என்றால் அந்த வழியில் போக வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் அடிதடியை, “வெளியே சொன்னால் லஷோன் ஹரா” என்று மூடி மறைக்கிறவர்கள் இந்தப் பாதியைப் படிக்காதவர்கள், அல்லது படித்தும் ஒளிக்கிறவர்கள்.

ஒருவரைப் பற்றி அவர் காதுக்கு எட்டாமலே பேசிவிட்டோம். மன்னிப்புக் கேட்கிறேன் என்று போய் அதை அவரிடம் சொல்லலாமா? இதில் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. கேட்டே ஆக வேண்டும் என்பது ககானின் நிலை. தெரியாத ஒன்றைச் சொல்லி அவருக்குப் புது வலி கொடுக்க உனக்கு என்ன உரிமை என்று முசார் என்ற ஒழுக்கநெறி இயக்கத்தைத் தொடங்கிய இஸ்ராயேல் சலான்டர் கேட்டதாக மரபு சொல்கிறது. நான் சலான்டர் கட்சி.

கொடுப்பதில் பலரும் சறுக்குவது ‘செதாக்கா’வைத் தர்மம் என்று மொழிபெயர்த்துக்கொள்வதில். அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். வாங்கிச் சாப்பிடுகிற ஏழையும் கொடுக்கக் கடமைப்பட்டவர். கொடுப்பவரும் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாரி இறைக்கக் கூடாது. மைமோனிடிஸ் மேலிருந்து கீழாக எட்டுப் படி சொல்கிறார். நடுவில் ஒரு காட்சி வரும்: சில பெரியவர்கள் காசைத் துணியில் முடிந்து முதுகுப் பக்கம் தொங்கவிட்டு நடப்பார்களாம். பின்னால் வருகிற ஏழை அவிழ்த்துக்கொள்வார், கொடுத்தவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அழகுதான், ஆனால் அது நான்காம் படி. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் கொடுப்பதுகூட இரண்டாம் படிதான். முதல் படி, அவர் அடுத்தவரிடம் கையேந்தாத நிலைக்கு வரக் கடன் கொடுப்பது, தொழிலில் கூட்டுச் சேர்ப்பது, வேலை தேடிக் கொடுப்பது.

வாராந்தர ஓய்வுநாளான ஷபாத்தை ‘போனை அணைத்துவைக்கும் நாள்’ என்று சுருக்குவதும் நடக்கிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குப் பொதுவாக 18 நிமிடம் முன்பே விளக்கேற்றிவிடுவார்கள். அதன்பின் விலக்கப்பட்டவை 39 வகை வேலைகள். உடம்பு அலுக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. வீட்டுக்குள் சோபாவை நகர்த்துவது அந்தப் பட்டியலில் கிடையாது. தீக்குச்சி கிழிப்பதும் இரண்டு எழுத்து எழுதுவதும் உண்டு. அந்த ஒரு நாள் உலகத்தில் புதிதாக எதையும் உண்டாக்காமல் இரு என்பதுதான் ஏற்பாடு. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் அத்தனையையும் மீறலாம் என்பதைவிட, மீறியே ஆக வேண்டும். யூதரல்லாதவருக்கு இந்தக் கட்டளை விதிக்கப்படவும் இல்லை. நாமும் வெள்ளிக்கிழமை இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினால்தான் ஆயிற்று என்பதில்லை.

சிவப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு கபாலா என்ற யூத மறைஞானம் பயில்வதாகச் சொல்கிறவர்களைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

எங்காவது தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நாக்கைக் காக்க யூதர்கள் சில ஊர்களில் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. ஆளுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று நாளைப் பிரித்துக்கொண்டு, அவரவர் நேரத்தில் யாரைப் பற்றியும் கெட்டது பேசாமல் இருப்பார்கள். முயன்று பார்க்கலாம். விடியற்காலை இரண்டிலிருந்து நான்கு வரை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.