கன்னே போரை மேசைமேல் அளவோடு அடுக்கிப் பார்ப்பது எப்படி

கி.மு. 216இல் இத்தாலியில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் தன்னுடையதைவிடப் பெரிய ரோமானியப் படையைச் சுற்றிவளைத்து அழித்தது கன்னே போர். அதன் வரைபடங்கள் எல்லாமே ஏறத்தாழ ஒரே மாதிரிதான்: இரண்டு பட்டைகள், ஒரு பிறை, நாலைந்து வளைந்த அம்புகள். பார்த்ததும் புரிந்துவிட்டதுபோல் இருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய ரோமானியப் படை ஏன் முட்டி மோதி வெளியே வர முடியவில்லை என்பதை அம்புகளால் சொல்ல முடியாது. ஆள் கணக்குக்கு ஏற்ற அளவில் அட்டை வெட்டி, கையால் நகர்த்திப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியும்.

முதலில் அளவு. 1 செ.மீ. = 20 மீட்டர் என்று வையுங்கள். இதைவிடச் சிறிதாக்கினால் குதிரைப்படை அட்டைகள் விரலுக்கு அகப்படாது. பெரிதாக்கினால் மேசை போதாது. நீளம் 130 செ.மீ., அகலம் 80 செ.மீ. இடம் வேண்டும். சார்ட் தாள்களை ஒட்டி விரியுங்கள். வடக்கு ஓரம் ரோமானியருக்கு, தெற்கு ஓரம் ஹன்னிபாலுக்கு. மேற்கு ஓரத்தில் ஔஃபிடஸ் ஆற்றை நீலக் கோடாக இழுத்துவிடுங்கள். இன்று ஒஃபாந்தோ எனப்படும் அந்த ஆற்றின் இப்போதைய வரைபடத்தைப் பார்த்து வரைய வேண்டாம், ஆறு தடம் மாறியிருக்கிறது. ரோமானியர் தெற்கு நோக்கி நின்றனர், அவர்களுடைய வலது பக்கம் ஆற்றை ஒட்டியிருந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்வதே நமக்குப் போதும்.

அடுத்து ஆள் கணக்கு. பொலிபியஸ் தரும் எண்களை எடுத்துக்கொள்வோம். ரோமானியத் தரப்பில் காலாட்படை 80,000, குதிரைப்படை 6,000க்குச் சற்று மேல். காலாட்களில் 10,000 பேர் பாசறையிலேயே இருந்துவிட்டார்கள். களத்துக்கு வந்த 70,000 பேரில் கனரகக் காலாட்கள் 55,000, ஈட்டி எறியும் இலகு வீரர்கள் 15,000 என்பது பின்வந்த ஆய்வாளர்கள் போடும் தோராயக் கணக்கு. ஹன்னிபாலிடம் காலாட்கள் 40,000, குதிரைகள் 10,000. இந்தக் காலாட்களையும் தோராயமாகப் பிரித்தால் இலகு வீரர் 8,000, ஆப்பிரிக்கர் 10,000, ஸ்பானியரும் கெல்டிய இனத்துக் காலியரும் சேர்ந்து 22,000. ரோமானியப் படை இதைவிடச் சிறியது என்று வாதிடுவோரும் உண்டு. அப்படிக் கொண்டால் அட்டையின் ஆழத்தைக் குறையுங்கள், முகப்பைத் தொட வேண்டாம்.

இனி வெட்டலாம். ரோமானியர் வழக்கத்தைவிட நெருக்கமாகவும், ஒவ்வொரு சிறு அணியிலும் முகப்பைவிட ஆழம் பல மடங்கு இருக்கும்படியும் நிறுத்தினார்கள். எத்தனை வரிசை என்று பழைய நூல்களில் இல்லை. 50 என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். 100 பேர் அகலம், 50 பேர் ஆழம் என்றால் 5,000 பேர். தரையில் 100 மீட்டருக்கு 100 மீட்டர், அட்டையில் 5 செ.மீ. சதுரம். இப்படி 11 சதுரங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 55 செ.மீ. முகப்பு வரும்.

எதிரே ஸ்பானியர், காலியர் 22,000 பேர் அதே 55 செ.மீ.யை நிரப்ப வேண்டும். கணக்குப் போட்டால் ஆழம் 20 பேர்தான், அதாவது 2 செ.மீ. ஆக 5 × 2 செ.மீ. பட்டைகள் 11. சதுரத்தையும் பட்டையையும் எதிரெதிரே வைத்ததும் ரோமானியத் தளபதிகளின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அந்த நம்பிக்கை முட்டாள்தனமல்ல. நடுவை உடைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆப்பிரிக்கருக்கு 2 × 12.5 செ.மீ. அளவில் இரண்டு நீளப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் 40 பேர் அகலம், 125 பேர் ஆழம், ஆக 5,000 பேர். இந்த இரண்டு அட்டைகள்மேல் மட்டும் தனியாக ஓர் அம்புத் துண்டு வையுங்கள். பின்னால் திருப்ப வேண்டிவரும்.

குதிரைப்படைக்குப் பொலிபியஸே வேறோர் இடத்தில் விதி தருகிறார்: 8 வரிசை ஆழத்தில், திரும்ப இடம் விட்டு நின்றால், ஒரு ஸ்டேடியத்துக்கு (பழைய கிரேக்க நீள அளவு) 800 குதிரைகள். ஸ்டேடியம் சுமார் 180 மீட்டர், ஆக 9 செ.மீ. நீள அட்டை ஒன்றுக்கு 800 குதிரை. ஆற்றோரம் கான்சல் (ரோமின் இரு தலைமை ஆட்சியாளர்களில் ஒருவர்) பவுலஸின் கீழ் நின்ற ரோமானியக் குதிரைப்படை 2,400 என்றால் 3 அட்டை. கிழக்கே மற்றொரு கான்சலான வார்ரோவின் கீழ் நின்ற நேசநாட்டுக் குதிரைப்படை 3,600, நாலரை அட்டை. அன்று தலைமை முறை வார்ரோவுடையது. ஹன்னிபால் பக்கம் ஆற்றோரம் தளபதி ஹஸ்த்ருபாலிடம் 6,000, ஏழரை அட்டை. கிழக்கே வட ஆப்பிரிக்கக் குதிரைவீரர்களான நுமிடியர் 4,000, ஐந்து அட்டை.

ஹஸ்த்ருபாலின் ஏழரை அட்டைகளும் ஆற்றுக்கும் காலாட்களுக்கும் நடுவே உள்ள 27 செ.மீ.யில் ஒரே வரிசையாக அடங்காது. அடங்கக்கூடாது. மூன்று வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். அங்கே சுற்றிவர இடமில்லாமல் வீரர்கள் குதிரையிலிருந்து இறங்கிக் கட்டிப்புரண்டு சண்டையிட்டது ஏன் என்பதற்கு விளக்கம் அந்த நெரிசல்தான்.

இலகு வீரர்களுக்குப் பொத்தான்களைத் தூவுங்கள். முதல் மோதல் முடிந்ததும் எடுத்துவிடலாம்.

இப்போது பிறை. இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள்: பொறி மூடிய நிலையை மனதில் வைத்துக்கொண்டு, தொடக்கத்திலேயே பிறையை உட்குழிவாக வைத்துவிடுவார்கள். ஹன்னிபாலின் நடு அணி ரோமானியரை நோக்கிப் புடைத்து நின்றது. 11 பட்டைகளில் இரு ஓரப் பட்டைகளை அசைக்காமல், நடுப்பட்டையை 8 செ.மீ. முன்னே தள்ளி, மற்றவற்றைப் படிப்படியாக அமையுங்கள். பட்டைகளுக்கிடையே சிறு இடைவெளிகள் விழும்; மூட வேண்டாம். பிறை வளைய வளைய அணி மெலிந்தது என்பதன் அடையாளம் அது. ஆப்பிரிக்கப் பட்டைகளைப் பிறையின் இரு முனைகளுக்கு வெளியே, முனையோடு முகம் சமமாக, உடல் பின்னால் நீளும்படி வையுங்கள். பிறையின் மூக்குக்கும் ரோமானிய முகப்புக்கும் இடையே 10 செ.மீ. விடுங்கள்.

நகர்வு தொடங்கட்டும். ஆற்றோரம் ரோமானியக் குதிரைப்படை முதலில் நொறுங்குகிறது. மூன்று அட்டைகளையும் எடுத்துவிடுங்கள். கிழக்கே நுமிடியர் வார்ரோவின் குதிரைகளைக் கட்டிப்போட்டால் போதும், வெல்ல வேண்டியதில்லை. நடுவில் ரோமானியச் சதுரங்களை முதலில் பிறையின் மூக்கைத் தொடும்வரை கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அவற்றை 1 செ.மீ. முன்னே நகர்த்தி, அவை தொடும் பட்டைகளை அதே அளவு பின்னே இழுங்கள். கூடவே ஓரச் சதுரங்கள் இரண்டையும் சுற்றுக்கு அரை செ.மீ. உள்நோக்கி நகர்த்துங்கள். எதிரி பின்வாங்கும் இடத்தை நோக்கித்தான் கூட்டம் சாயும்.

பிறை நேராகி, பிறகு பின்பக்கம் குழியும். பதினைந்து சுற்றுகளில் 55 செ.மீ. முகப்பு 40 ஆகச் சுருங்கி, சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கும். ஏறட்டும், சரிசெய்யாதீர்கள். ஆளுக்கு 1 மீட்டர் இருந்த இடம் இப்போது 73 செ.மீ. ஒரு கையில் பெரிய கேடயம், மறு கையில் வாள்; வீசவும் குத்தவும் முடியாத அகலம் அது.

ஆப்பிரிக்கரை அந்த இடத்திலேயே வைத்து, அம்பை மட்டும் 90 பாகை உள்நோக்கித் திருப்புங்கள். 40 பேர் முகப்பு ஒரு நொடியில் 125 பேர் முகப்பாகிறது. அந்த 12.5 செ.மீ. நீளம் 5 செ.மீ. ஆழமுள்ள ரோமானியப் பக்கவாட்டை முழுதாக மூடி மிஞ்சும். இனி அவர்களை உள்ளே நகர்த்தலாம். ட்ரெபியா, த்ரசிமேன் என்ற முந்தைய போர்களில் கைப்பற்றிய ரோமானிய ஆயுதங்களைத்தான் அவர்கள் அணிந்திருந்தார்கள்.

கடைசி மூடி ஹஸ்த்ருபால். அவரை ரோமானியரின் முதுகுக்குப் பின்னால் ஓட்டி முதலில் வார்ரோவின் பக்கம் கொண்டுபோங்கள். அந்தக் குதிரைப்படை பார்த்ததுமே ஓடியது. துரத்தும் வேலையை நுமிடியரிடம் விட்டு, திரும்பி வந்து காலாட்களின் முதுகில் இறக்குங்கள். பலர் இந்தத் தாக்குதலை நுமிடியர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஹஸ்த்ருபாலின் பாதையை நூல் வைத்து அளந்தால் ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறையாது. மெலிந்த அந்த நடு அணி உடையாமல் பின்வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது இந்த நேரத்துக்காகத்தான். ஹன்னிபாலும் தம்பி மாகோவும் வேறெங்கும் நிற்காமல் அங்கேயே நின்றதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

மூடியபின் ஒரு கணக்கு. 1,100 பேர் அகலம், 50 பேர் ஆழம் உள்ள கூட்டத்தின் வெளி விளிம்பில் நிற்பவர்கள் 2,300 பேருக்கும் குறைவு. 55,000இல் நூற்றுக்கு நான்கு. மற்றவர்கள் முறை வரும்வரை நின்றார்கள். செத்தவர் கணக்கில் பொலிபியஸ் 70,000 என்கிறார். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி காலாட் 45,500, குதிரைவீரர் 2,700 என்கிறார். அட்டைகளை எடுக்கும்போது லிவியின் கணக்கைப் பின்பற்றுங்கள். பொலிபியஸின் எண்ணில் தப்பியோருக்கும் பிடிபட்டோருக்கும் இடமே மிஞ்சாது.

இதே அட்டைகள் கி.மு. 202 ஸாமா போருக்கும் உதவும். ஆனால் அங்கே சதுரங்களைச் சின்னதாக வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நிறுத்தி, 80 யானைகள் ஓடிப்போகச் சந்துகள் விட வேண்டும். கி.மு. 48 ஃபார்ஸாலஸ் போருக்கு அட்டையை கோஹார்ட் என்ற ரோமானியப் படைப்பிரிவுக் கணக்கில் வெட்டுங்கள். சீசரின் 80 கோஹார்ட்டுகளில் 22,000 பேர்தான், ஒன்றுக்கு 275. வலது பக்கம் குதிரைப்படைக்குப் பின்னால் ஆறு கோஹார்ட்டுகளை ஒளித்து வைக்க மறக்காதீர்கள். த்ரசிமேனுக்கு இந்த முறை உதவாது: அங்கே ரோமானியர் அணிவகுக்கவே இல்லை, ஏரிக்கரை வழியில் நீண்ட ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.