பட்டாவைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்

தாத்தா பெயரில் ஊரில் கிடக்கும் நிலத்தை இந்த விடுமுறையிலாவது ஒழுங்கு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டுக்குக் கிளம்புகிறவர்கள், பாதி வேலையை வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். நில ஆவணங்களைப் பார்க்க இப்போது யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

அரசின் இ-சேவைகள் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா விவரம் இலவசமாகக் கிடைக்கும். பழைய பத்திரத்தில் உள்ள மாவட்டப் பெயரை அப்படியே நம்பித் தேடாதீர்கள். தென்காசி 2019இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பத்திரத்தில் திருநெல்வேலி என்றிருக்கும் சங்கரன்கோவில் பக்கத்து நிலத்தை இன்று தென்காசியின் கீழ்தான் தேட வேண்டும். தளம் செல்பேசிக்குக் கடவு எண் அனுப்பும். இந்திய எண் இல்லாதவர்கள் ஊரில் இருக்கும் சித்தப்பாவையோ மச்சானையோ அலைபேசியில் பிடித்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கே அதிகம் பயன்படும் சேவையில் இப்படி ஒரு முட்டுக்கட்டை!

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும். 0 - 40.50 என்றால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். அதைவிட முக்கியம், உரிமையாளர் பெயரும் தந்தை பெயரும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது (ஆங்கிலச் சுருக்கம் யு.டி.ஆர்.) பெயரும் பரப்பும் தவறாக ஏறிய இடங்கள் உண்டு. கிராமத்தில் 'யு.டி.ஆர். தப்பு' என்றாலே எல்லோருக்கும் புரியும். இணையம் அந்தத் தவறையும் அப்படியே காட்டும். திருத்த வேண்டுமானால் மூலப்பத்திரத்தோடு வருவாய்த்துறை அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

அடுத்து, பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல். பெரும்பாலும் 1975 முதலான பதிவுகளைப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேட வேண்டும். எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களை வரிசையாகப் படித்து, உங்கள் கையில் உள்ள பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்பதாலேயே சிக்கல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு செய்யாத பாகப்பிரிவினை அதில் வராது.

தாத்தா பெயரிலேயே பட்டா நின்றால், அதை மாற்ற இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். உங்கள் குறுகிய விடுமுறையை இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் உங்கள் சார்பில் வேலையை முடிக்க நம்பகமான ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுக்கலாம். வெளிநாட்டில் எழுதியதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும்.

சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. சொத்துவரியை மாநகராட்சித் தளத்திலேயே அரையாண்டுக்கு ஒருமுறை கட்டலாம். ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். பட்டா பார்க்கவே பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளமல்ல, உடனே மூடிவிடுங்கள்.