நாட்பட்ட மன அழுத்தத்தை உடம்பு வழியாகத் தணிப்பது எப்படி?

"டென்ஷன் ஆகாதே" என்று சொல்வதால் யாருக்கும் டென்ஷன் குறைந்துவிடுவதில்லை. பதற்றத்தைக் கிளப்பும் நரம்புகள் நம் கட்டளைக்குக் காத்திருப்பவை அல்ல. ஆனால் அவற்றோடு பிணைந்த மூன்று விஷயங்கள் நம் கையில் ஓரளவு இருக்கின்றன: மூச்சு, தசை, தூங்கி எழும் நேரம். தாடை இறுகுவது, வயிறு எரிவது, விடியும் முன்பே விழித்துக்கொள்வது என்று எல்லாம் வழக்கமாகிப்போன பிறகுதான் நான் இவற்றைத் தேடிப் படித்தேன். எனக்குப் பலன் தந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆபத்து என்று மூளை நினைத்த சில நொடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் பின்னுக்குப் போகிறது. அதன் பின்னாலேயே, மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்கிறது. அது உச்சத்துக்கு வர 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். கார்ட்டிசாலை எதிரியாக நினைக்க வேண்டாம். காலையில் எழுந்த பிறகு அது கூடுவதும், நள்ளிரவையொட்டி மிகவும் குறைவதும் ஆரோக்கியமான உடம்பின் தாளம். ஓய்வுக்கான நேரத்திலும் இந்த எச்சரிக்கை அடங்காமல், மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பதுதான் சிக்கல். ரத்த அழுத்தம், சர்க்கரை, குடல், தூக்கம், நோய் எதிர்ப்பு எல்லாமே அதில் இடிபடும்.

"எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று யாராவது சொன்னால் அமெரிக்க உளவியலாளர் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவின் ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். மறதிநோய் வந்த உறவினரைப் பராமரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத பெண்களுக்கும் தோலில் ஒரே அளவில் சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். பராமரிப்பவர்களுக்கு அது ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. 1995இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் தோலில் தெரிந்த விளைவு.

படி 1: மருத்துவரைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பும் சோர்வும் வரும். அதை மன அழுத்தம் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காரணமில்லாத எடைக்குறைவு, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இவற்றில் எது இருந்தாலும் கீழே உள்ள எதையும் முயன்று பார்த்துக் காத்திருக்க வேண்டாம், உடனே உதவியை நாடுங்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படி 2: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

என்ன நினைத்தோம் என்பதை எழுத வேண்டாம். உடம்பில் எங்கே, எப்போது என்பதை மட்டும் எழுதுங்கள். "மதியம் 3, தோள்." "இரவு 11, வயிறு." அவ்வளவு போதும். ஒரு வாரத்தில் உங்களுக்கென்று ஒரு வடிவம் தெரியும். அடுத்த படிகளை எந்த நேரத்தில் செய்வது என்பதை அதுதான் சொல்லும். இதற்குக் காகித நோட்டுதான் என் தேர்வு. குறிப்பு எழுத போனை எடுத்தால் அதில் வந்து நிற்கும் செய்திகளும் சேர்ந்தே கண்ணில் படும்.

படி 3: மூச்சு

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் பலருக்கு இது விரலிலேயே தெரியும். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைப்பதே காரணம். ஆகவே வெளிமூச்சை நீட்டுவதுதான் முழு வித்தை.

ஆனால் எல்லோரும் சொல்வது "ஆழமா மூச்சை இழு" என்று. எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான். பெரிது பெரிதாகத் திரும்பத் திரும்ப இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், நெஞ்சு இறுகும். பதற்றத்தைக் குறைக்க உட்கார்ந்தவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளே வந்து சேரும். "எனக்கு மூச்சுப் பயிற்சி ஒத்துக்கல" என்பவர்கள் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிச் செய்யுங்கள். முதுகுக்குச் சாய்மானம் வைத்து உட்காருங்கள், இடுப்பில் இறுக்கமாக எதுவும் வேண்டாம். முதலில் வெளியே விடுங்கள். தொடக்கம் எப்போதும் வெளிமூச்சுதான். அப்புறம் மூக்கு வழியாக, சத்தமில்லாமல், பாதி நிறையும் அளவுக்கு மட்டும் உள்ளே வரவிடுங்கள். தோள் உயர்ந்தால் அதிகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். உள்ளே 4 எண்ணும் வரை, வெளியே 6 எண்ணும் வரை. ஒரு எண்ணுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். நடுவில் அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

4க்கு 6 மூச்சு முட்டுகிறதா? 2க்கு 3 என்று தொடங்குங்கள். நடுவில் பெரிய பெருமூச்சு விடத் தோன்றினால் உங்கள் அளவுக்கு மீறி நீட்டியிருக்கிறீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. முக்கியமாக, அமைதியாக இருக்கும் நேரத்தில் பழகுங்கள். பழகாத ஒன்றைப் பதற்றத்தின் உச்சத்தில் உடம்பு செய்யாது.

நேரம் பார்க்க ஒரு சாதாரண டைமர் போதும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் 'ஸ்ட்ரெஸ் ஸ்கோர்' வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். காய்ச்சல், மது, சரியில்லாத தூக்கம் எல்லாமே அந்த எண்ணை மாற்றும். அப்புறம் அந்த எண்ணே ஒரு புதுக் கவலையாகிவிடும்.

சேர்க்கை: மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். இது உண்மையான சிக்கல். எண்ணுவதை விட்டுவிட்டு, கண்ணைத் திறந்தபடி, தூரத்தில் ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு மெதுவாக முனகுங்கள். முனகும்போது வெளிமூச்சு தானாகவே நீளும். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் நேராகப் படி 5க்குப் போகலாம்.

படி 4: இறுக்கி விடுதல்

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை இது. 1929இல் இதை நூலாகவே வெளியிட்டார். பாதத்தில் தொடங்கி ஒவ்வொரு தசைக்கூட்டத்தையும் 5 நொடி மிதமாக இறுக்கி, சட்டென்று விட்டு, 15 நொடி அந்தத் தளர்வைக் கவனியுங்கள். இறுக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். தாடையை இறுக்கவே வேண்டாம், வாயை அகலத் திறந்து விட்டாலே போதும். வலியோ காயமோ உள்ள இடத்தை விட்டுவிடுங்கள்.

படி 5: நடை

தசைக்குத் தேவைப்படும் என்று உடம்பு ரத்தத்தில் சர்க்கரையை இறக்கி வைத்திருக்கிறது, அதைச் செலவழியுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். படி 2இல் குறித்த மோசமான நேரத்துக்குச் சற்று முன் நடப்பது எனக்கு மிகவும் உதவியது.

படி 6: இரவு

படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வைப்பது எளிது, அதுவே உடல் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தும். காபி, டீயில் உள்ள காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆகவே மதியத்தோடு நிறுத்துங்கள். படுக்கும் முன் 5 நிமிடம், நாளை செய்ய வேண்டியதை எழுதி வையுங்கள். 2018இல் வெளியான ஒரு தூக்க ஆய்வகச் சோதனையில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம்.

படி 7: காரணம்

மேலே சொன்ன எதுவும் அநியாயமான வேலைப்பளுவையோ, வீட்டில் நடக்கும் வன்முறையையோ, கடனையோ சரிசெய்யாது. உடம்பு கொஞ்சம் அடங்கிய பிறகு, நம்பகமான ஒருவரிடம் அதைப் பேசுங்கள், ஒரே ஒரு சுமையையாவது இறக்க வழி தேடுங்கள். அதற்கான தெம்பு கிடைக்கத்தான் முதல் ஆறு படிகளும்.

பிற்சேர்க்கை: கார்ட்டிசால் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அதன் அளவு நேரத்துக்கு நேரம் மாறும், ஆகவே நாமாக எடுக்கும் ஒற்றை டெஸ்ட் மன அழுத்தத்தைப் பற்றி எதையும் சொல்லாது. வேறு நோயைச் சந்தேகித்து மருத்துவர் கேட்டால் மட்டும் எடுங்கள். இன்னொரு கேள்வி, அசுவகந்தா (அமுக்கரா) சாப்பிடலாமா என்பது. மூலிகை என்பதாலேயே தீங்கில்லாதது ஆகிவிடாது. தைராய்டு மருந்து, தூக்க மாத்திரை எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அது வேண்டவே வேண்டாம். இரவு வேலை பார்ப்பவர்களுக்குப் படி 6 அப்படியே பொருந்தாது: வேலை நாளிலும் விடுமுறையிலும் பொதுவாக வரும் ஒரு நான்கு மணி நேரத்தைத் தூக்கத்துக்கென்று ஒதுக்கி, அதை மட்டும் மாற்றாமல் காப்பாற்றுங்கள்.