திரைச்சீலை எழுதும் முன் துணியைப் பதப்படுத்துங்கள்

வேலூர்ப் பக்கத்தில் பள்ளி ஆண்டு விழாவுக்கோ கோயில் திருவிழா நாடகத்துக்கோ திரைச்சீலை எழுதுபவர்கள், வண்ணத்தைத் தொடும் முன் துணியைப் பதப்படுத்துவதில் பொறுமை காட்ட வேண்டும். காடாத் துணியை அலசிக் கஞ்சியைப் போக்கி, உலர்த்தி, மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்த பிறகு, நீர்க்கக் காய்ச்சிய புளியங்கொட்டைப் பசையில் சுண்ணக்கட்டித் தூளைக் கலந்து மெல்லிய பூச்சாகத் தடவினால், வண்ணம் துணிக்குள் இறங்காமல் மேலே தெளிவாக நிற்கும். பசை கெட்டியானால், திரையைச் சுருட்டும்போது பூச்சு வெடித்து உதிர்ந்துவிடும். இதில் அவசரமே பெரும் எதிரி.

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் டிஸ்டெம்பர் என்னும் நீரில் கரைக்கும் வண்ணம் மிக விரைவாகக் காய்ந்து, தூரிகைத் தடங்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். ஆகவே வானம் போன்ற பெரிய பரப்பை விடியற்காலையில் இருவர் சேர்ந்து, ஈரம் காயும் முன் இடைவிடாமல் முடிப்பது நல்லது.

திரையோடு பொம்மலாட்டப் பொம்மைகளும் செய்வதானால், அவற்றுக்கு எடை குறைந்த கல்யாண முருங்கைக் கட்டை மிகவும் ஏற்றது. காகிதக்கூழில் செய்வதானால், அடுக்கடுக்காக ஒட்டி நிழலிலேயே உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் முகம் கோணிக்கொள்ளும். வடாற்காட்டுத் தெருக்கூத்து ஒப்பனையைக் கூர்ந்து பார்த்தால், கண்ணும் புருவமும் கடைசி வரிசைக்கும் தெரியும்படி அழுத்தமாக எழுதப்பட்டிருப்பது புரியும். பொம்மை முகத்துக்கும் அத்தகைய தடித்த கோடுகளே வேண்டும். சிவப்பு விளக்கின் கீழ் பச்சை கறுத்துத் தெரியும் என்பதால், வண்ணங்களை மேடை விளக்கிலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.