பவுடர் ரிவர் நிலச்சண்டைகள்: படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மேற்குச் சமவெளி என்றதும் கௌபாய் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இரண்டு கதைகள் நினைவுக்கு வரும். ஒன்றில் குதிரைப்படையும் பூர்வகுடிகளும் மோதுவார்கள். இன்னொன்றில் பெரிய பண்ணை முதலாளி ஏழைக் குடியேறியை விரட்டுவார். இவை இரண்டும் சம்பந்தமில்லாத கதைகள் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற குழப்பங்களில் பாதி இதிலிருந்தே வருகின்றன.

வயோமிங் மாநிலத்தின் ஜான்சன் கவுண்டியை (கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் போல) எடுத்துக்கொள்ளுங்கள். பவுடர் ரிவர் பாயும் புல்வெளி. 1866 டிசம்பர் 21 அன்று ஃபில் கியர்னி கோட்டைக்கு அருகே, அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் ஃபெட்டர்மனோடு சேர்த்து 81 பேரை லகோட்டா, ஷையான், அரப்பாஹோ பூர்வகுடி வீரர்கள் வீழ்த்தியது இங்கேதான். 1892 ஏப்ரலில் மாட்டுப் பண்ணை முதலாளிகள் டெக்சாஸிலிருந்து கூலிக்கு ஆள்பிடித்து வந்து சின்னப் பண்ணைக்காரர்களைக் கொன்றதும் இங்கேதான். நடுவே வெறும் இருபத்தைந்து வருடம். பூர்வகுடிகளோடு நடந்த சண்டைகளின் முடிவில் நிலம் கைமாறியதால்தான் இரண்டாவது சண்டைக்கே இடம் வந்தது.

‘யாருமில்லாத நிலத்துக்குக் குடியேறிகள் வந்தார்கள்’ என்று எழுதுவது அடுத்த தவறு. காட்டெருமையைத் துரத்தி வேட்டையாடும் மக்களுக்கு வேலியும் வீடும் தேவையில்லை. அதனால் அது ஆளில்லாத நிலமாகிவிடாது. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பூர்வகுடிகள் எல்லோரும் ஒரே அணி என்று நினைத்துவிடுவது. 1851 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தப்படி பவுடர் ரிவர் பகுதி க்ரோ மக்களுக்கு உரியது. அவர்களை அங்கிருந்து தள்ளிவிட்டு வந்தவர்கள் லகோட்டாக்கள். பிறகு க்ரோ வீரர்கள் அமெரிக்க ராணுவத்துக்கு வழிகாட்டிகளாகப் போனதை ‘துரோகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் கணக்கு வேறு என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

ஒப்பந்தம் என்றாலே தோற்றவர் கையெழுத்துப் போட்டது என்றும் நினைக்க வேண்டாம். 1868 ஒப்பந்தம் வந்தது செவ்மேகம் (ரெட் கிளவுட்) தலைமையில் நடந்த போரில் அரசு பின்வாங்கியதால். பவுடர் ரிவர் பகுதி வழியாகப் போன போஸ்மன் பாதையில் கட்டிய கோட்டைகளை ராணுவம் காலி செய்தது. பவுடர் ரிவர் பகுதியில் வெள்ளையர் குடியேறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். பிளாக் ஹில்ஸ் மலைகள் சூ மக்களுக்கான (லகோட்டாக்கள் இவர்களில் ஒரு பிரிவு) ஒதுக்கீட்டுக்குள் இருந்தன. அந்த நிலத்தை வாங்க வேண்டுமானால் வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பேரின் கையெழுத்து வேண்டும் என்ற விதியும் இருந்தது. 1874-ல் ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அந்த மலையில் தங்கம் இருப்பதாகச் செய்தி கொண்டுவந்தது. அதற்கப்புறம் யார் விதியைப் பார்த்தார்கள்? 1876-ல் போர். 1877-ல் பத்தில் ஒருவர் அளவுக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. பவுடர் ரிவர் பகுதியில் இருந்த உரிமையும் அதோடு போனது. இது முடிந்துபோன பழங்கதை என்று எழுதினால் அதுவும் பிழை: 1980-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது, சூ மக்கள் பணம் வேண்டாம், மலைதான் வேண்டும் என்று இன்றுவரை அதைத் தொடவில்லை.

இப்போது மாடுகள் வருகின்றன. இங்கே நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில். ‘அரசு 160 ஏக்கரை இலவசமாகக் கொடுத்தது, போய் வாழ்ந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் பட்டா. அதைவிடப் பெரிய சிக்கல் மழை. கிழக்கே 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். வறண்ட மேற்கில் அதை வைத்து மாடு மேய்த்துப் பிழைக்க முடியாது. மேற்கை ஆய்வு செய்த ஜான் வெஸ்லி பவல் 1878-லேயே மேய்ச்சல் பண்ணை ஒன்றுக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதனால் சண்டை உண்மையில் ஏக்கருக்காக அல்ல, தண்ணீருக்காக. ஓடைக்கரையில் 160 ஏக்கர் வைத்திருப்பவர் கையில்தான் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர் புறம்போக்கும் இருந்தது. பெரிய பண்ணைகள் தங்கள் வேலையாட்கள் பெயரில் ஓடைக்கரைகளைப் பதிவு செய்தன. 1874-ல் கிளிடன் காப்புரிமை வாங்கிய முள்கம்பி வந்ததும் அரசு நிலத்தையே வளைத்து வேலி போட்டார்கள். அப்படிப் போடுவது குற்றம் என்று 1885-ல் சட்டம் வந்தது. அதாவது, ‘சொந்த நிலத்தைக் காத்த முதலாளி’ என்று நாம் எழுதும் பலரிடம் அந்த நிலத்துக்குப் பத்திரமே கிடையாது.

‘மாட்டுத் திருடன்’ என்ற குற்றச்சாட்டை அப்படியே நம்புவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமான தவறு. திருட்டு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் யார் திருடன் என்று முடிவு செய்தது யார்? 1884 வயோமிங் சட்டப்படி சூட்டுக்குறி (உரிமையாளர் யார் என்று காட்டச் சூடு போட்ட அடையாளம்) இல்லாத கன்றுகளைச் சேகரித்து விற்கும் அதிகாரம் பெரிய முதலாளிகளின் மாட்டுப் பண்ணையாளர் சங்கத்திடம் போனது. சொந்தமாக நாலு மாடு வாங்கிய கூலியாளுக்கு வேலை கிடையாது. 1886–87 குளிர்காலத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததும் முதலாளிகளின் எரிச்சல் சின்ன ஆட்கள் பக்கம் திரும்பியது. 1889 ஜூலையில் எல்லா வாட்சன் (Ella Watson) என்ற பெண்ணையும் ஜிம் அவெரலையும் ஸ்வீட்வாட்டர் பள்ளத்தாக்கில் தூக்கில் தொங்கவிட்டார்கள். இருவரும் அங்கே நிலம் பதிவு செய்திருந்தவர்கள். வயோமிங்கின் தலைநகரான ஷையனில் வந்த பத்திரிகைகள் அந்தப் பெண்ணை விபச்சாரி, திருடி என்று எழுதின. அந்தக் கட்டுக்கதையைத்தான் பல தலைமுறைகள் வரலாறு என்று படித்தன. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

1892-ல் முதலாளிகள் தரப்பும் டெக்சாஸ் கூலியாட்களுமாகச் சுமார் ஐம்பது பேர் தனி ரயிலில் காஸ்பர் ஊருக்கு வந்து இறங்கினார்கள். கையில் கொல்ல வேண்டியவர்களின் பட்டியல். ஏப்ரல் 9 அன்று கேசி பண்ணையில் சின்னப் பண்ணைக்காரர் நேட் சாம்பியனையும் அவரோடு இருந்த நிக் ரேயையும் கொன்றார்கள். வீடு சுடப்பட்டுக்கொண்டிருக்கும்போதே சாம்பியன் ஒரு குறிப்பேட்டில் நடப்பதை எழுதிக்கொண்டிருந்தார். செய்தி பரவியதும் ஷெரிஃப் ரெட் ஆங்கஸ் தலைமையில் ஊரே திரண்டு, அந்தக் கும்பலை டிஏ பண்ணையில் முற்றுகையிட்டது.

இங்கே ‘ராணுவம் வந்து நீதியை நிலைநாட்டியது’ என்று எழுதிவிடாதீர்கள். ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசனுக்குத் தந்தி போனது முதலாளிகள் பக்கமிருந்து. குதிரைப்படை வந்து காப்பாற்றியது முற்றுகைக்குள் மாட்டியிருந்தவர்களை. வழக்கு நடத்தவும் கைதிகளைப் பராமரிக்கவும் கவுண்டியிடம் காசில்லை. சாட்சிகள் காணாமல் போனார்கள். 1893 ஜனவரியில் எல்லோரும் விடுதலை.

இதை ‘ஜான்சன் கவுண்டி போர்’ என்று அழைப்பதால் உயிரிழப்பும் பெரிது என்று எண்ண வேண்டாம். விரல் விட்டு எண்ணிவிடலாம். 1864-ல் கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் ஒரே நாளில் கொல்லப்பட்ட ஷையான், அரப்பாஹோ மக்கள் 150-க்கும் மேல். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்.

டெக்சாஸில் மேய்ச்சல் நில வேலிகளை வெட்டி எறிந்ததால் மூண்ட ‘வேலி வெட்டு’ச் சண்டைகளை ஹோம்ஸ்டெட் சட்டத்தோடு கோர்ப்பதும் பிழைதான். டெக்சாஸ் தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்ட மாநிலம், அந்தச் சட்டம் அங்கே செல்லாது. அப்புறம், 1892-ஓடு கதையை முடிப்பதும் வேண்டாம். 1909 ஏப்ரலில் வயோமிங்கின் ஸ்பிரிங் கிரீக்கில் மாட்டுக்காரர்கள் ஆட்டுக்காரர் மூவரைக் கொன்றார்கள். அந்த முறை ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள்.